அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

ஆறு வருடம் நான் பெகாயிமின் காது.
சம்பளமில்லாத காது,
பேனா மசியால் ஆன காது.
புவியியல் ஆசிரியர் சபார் அகாய்
பலகையைப் பார்த்தபடியே பேசுகிறவர்;
அவள் கண்ணுக்குக் கிடைப்பது
அவர் கம்பளிச் சட்டையின் முதுகுத் தையல் மட்டும்.
மீதியை நான் எழுதுவேன்,
எங்கள் இருவருக்கும் நடுவே கிடக்கும் நோட்டில்,
அவள் பக்கமாகச் சாய்த்து.

நரினில் நவம்பரிலேயே
ஜன்னல் உள்பக்கமாக உறைந்துவிடும்.
விரல் விறைக்க விறைக்க
வாக்கியம் குட்டையாகும்.
எரிமலை பற்றி அரைமணி நேரம் அவர் பேசியதை
‘மலை. நெருப்பு. பரீட்சைக்கு வரும்’
என்று முடித்திருக்கிறேன்.
அதற்கு ஈடாக,
அவர் சொல்லாத ஜோக்குகளைச்
சொன்னதாக எழுதிவிடுவேன்:
தலைமையாசிரியரின் தொப்பி,
மதியச் சூப்பில் தனியாக நீந்தும்
அந்த ஒற்றை உருளைக்கிழங்கு.
அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள்.
அகாய் திரும்பிப் பார்ப்பார், ஒன்றும் புரியாமல்.

இந்த ஜனவரியில்
பிஷ்கெக்கிலிருந்து ஒரு கைக்கணினி வந்தது.
அகாயின் காலரில் கறுப்புப் பொத்தான் ஒன்று;
அவர் பேசப் பேச
திரையில் ஊர்ந்து வந்தது பேச்சு.
இருமலையும் எழுதியது.
‘எங்கே விட்டேன்’ என்பதையும் எழுதியது.
முதல் நாள் முழுக்க அவள் தலை நிமிரவில்லை.
பசித்தவர் சாப்பிடுவதை
உற்றுப் பார்க்கக் கூடாது.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மூன்றாம் வாரம், நோட்டில் அவள் கையெழுத்து:
‘அகாய்க்கு உடம்பு சரியில்லையா?
இந்த வருடம் ஒரு ஜோக்கூடச் சொல்லவில்லையே.’

பென்சிலைச் சீவினேன்.
சீவியதையே மறுபடி சீவினேன்.
‘எந்த வருடமும் சொன்னதில்லை.’

திரையை
எனக்குத் தெரியாதபடி அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
நான்கு நாள்.

சொல்ல வெட்கமான இன்னொன்றும் உண்டு.
அந்தக் காலாண்டில் அவளுக்கு ஐந்துக்கு ஐந்து,
எனக்கு மூன்று.
அவளுக்காக எழுதியதெல்லாம்
என் கை வழியாக என் தலைக்கும் போயிருக்கிறது.
அது தெரியாமல்
உதவுகிறேன் உதவுகிறேன் என்று திரிந்திருக்கிறேன்.

அப்புறம் ஏரிப் பாடம் வந்தது.
எங்கள் மொழியில் நாக்கு
ஒரு கோதுமை மணி தூரம் முன்னே போனால் ஏரி,
பின்னே வந்தால் கை.
கணினிக்கு ருஷ்யன் தண்ணீர் பட்ட பாடு;
கிர்கிஸ் இன்னும் மழலைதான்.
அகாய் ஏரி ஏரி என்று சொல்லச் சொல்லத் திரையில்:

இந்தக் கை
கடல்மட்டத்துக்கு மூவாயிரம் மீட்டர் மேலே இருக்கிறது.
குளிர்காலம் முழுக்க உறைந்து கிடக்கும்.
கோடையில் இந்தக் கையைத் தேடி
வாத்துகள் வரும்.
கையில் இறங்கிக் குளிக்காதீர்கள்,
ஆழம் அதிகம்.

பெகாயிம் திரையை என் பக்கம் திருப்பினாள்.
வாயைப் பொத்த மறந்து
குரலோடு சிரித்தாள்.
அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது
வகுப்பில் பாதிப்பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.
நான் சிரித்தேன். பின்பெஞ்சும் சிரித்தது.
கணினி கடமை தவறாமல் எழுதியது:
(சிரிப்பு)

அவ்வளவுதான்.
யாருடையது, எதற்கு,
எதுவும் இல்லை.
அந்த அடைப்புக்குறியை நகத்தால் தட்டினாள்.
பைக்குள்ளிருந்து பழைய நோட்டை எடுத்து
என் முன்னால் போட்டாள்:
‘பின்பெஞ்சு ஏன் சிரிக்கிறது? உள்ளதை எழுது.’
‘உள்ளதை’க்குக் கீழே இரண்டு கோடு.

எழுதினேன்.
‘பாதிப்பேர், நீ சிரித்ததால்.
எல்தியார், உன் குரலைக் கேட்டு.’

படித்தாள்.
திரும்பி எல்தியாரைப் பார்த்தாள்,
அவன் ஷூவின் கயிற்றைத் தேடிக் குனியும் வரை.
பிறகு எழுதினாள்:
‘அந்தச் சூப்பு உருளைக்கிழங்கு?’
‘என்னுடையது.’
‘தொப்பி?’
‘அதுவும்.’
கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைக் கடித்தாள்.
‘தொப்பி சுமார்தான்.
உருளைக்கிழங்கு நன்றாக இருந்தது.’